இரண்டு கரைக்கும் ஒரே வண்டி

மிச்சிகன்,
11 பிப்ரவரி 1979

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகியும் கடிதம் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. எழுதும்படியாக ஒரு நல்ல செய்தி கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன். நேற்றுதான் கிடைத்தது. வண்டி உறுதியாகிவிட்டது. நம் நொய்வீட் ஆலையிலும் இங்கே ஒஹாயோ ஆலையிலும் ஒரே வண்டி. ஒரே உடல், ஒரே கதவு, ஒரே திருகாணி. இத்தனை வருஷமாக அவர்கள் தங்களுடையதை வரைந்தார்கள், நாம் நம்முடையதை வரைந்தோம், கம்பெனி ஒன்றுதான் என்பதையே மறந்து ஆளை ஆள் பார்த்துச் சிரித்தோம். இனி இரண்டு கரைக்கும் ஒரே வண்டி. அதன் அடிப்பாகத்துக்கு, அதாவது ஸ்பிரிங், சக்கரம், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும், ஐரோப்பா சார்பில் பேசப்போகிறவன் உன் தம்பி. அப்பாவிடம் சொல். மதுக்கடையில் மேஜை மேல் ஏறி அறிவிக்க வேண்டாம் என்றும் சொல்.

எங்கள் பெரிய அதிகாரி ஹாக்ஸ்டன் நல்ல மனிதர். விமான நிலையத்துக்கு அவரே வந்தார். அவர் வண்டி நம் சமையலறையை விட அகலம். பனியில் குண்டும் குழியுமான சாலை, ஆனால் உள்ளே ஒன்றுமே தெரியவில்லை.

"எப்படி இருக்கு ஆர்னி?" என்றார். ஆர்னுல்ஃப் என்று முழுதாகச் சொல்ல இங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

"ரோடு எங்க இருக்குன்னே தெரியலையே சார்."

"அதுக்குத்தானப்பா ஜனங்க காசு குடுக்கிறாங்க!"

நானும் சிரித்தேன். ஒன்று மட்டும் விசித்திரமாக இருக்கிறது. இங்கே சட்டப்படி யாரும் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. ஹாக்ஸ்டன் பல வருஷமாகத் தாண்டியதே இல்லையாம். அதைப் பெருமையாகச் சொன்னார். நம் ஜெர்மனி நெடுஞ்சாலையில், ஆட்டோபானில், அந்த வேகத்தில் போனால் பின்னால் வரும் லாரிக்காரன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பான் என்றேன். ஏதோ காட்டுக் கதை கேட்பவர் போலப் பார்த்தார்.

முதல் மாதிரி வண்டியை எவால்ட் அத்தான்தான் ஓட்டுவார் என்று கேள்விப்பட்டேன். நான் வரைந்த ஸ்பிரிங் அது. நன்றாக இருந்தால் எழுதச் சொல். இல்லாவிட்டாலும்.

உன் தம்பி,
ஆர்னுல்ஃப்


நொய்வீட்,
4 ஏப்ரல் 1979

அன்புத் தம்பி,

மேஜை மேல் ஏற வேண்டாம் என்று சொன்னேன். நாற்காலி மேல் ஏறிவிட்டார். "என் மகன்தான் அமெரிக்காக்காரனுக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கப் போறான்" என்று நம் தெரு முழுக்கத் தெரியும். முப்பது வருஷம் தகடு அடித்த ஆலையில் இன்று தன் மகன் பேர் பேசப்படுகிறது என்றால் அந்த மனிதரை யார் பிடித்து நிறுத்துவது?

எவால்ட் உன் வண்டியை ஓட்டினார். வந்ததும் தொப்பியைக் கூடக் கழற்றாமல் என்னைப் பிடித்துச் சுற்றினார். "சொன்ன இடத்துல நிக்குது, சொன்ன பக்கம் திரும்புதுடி. உன் தம்பி தலைக்குள்ள ஏதோ இருக்கத்தான் செய்யுது" என்றார். அவர் வாயிலிருந்து இதுவே பெரிய பதக்கம்.

ஆனால் போன வாரம் உங்கள் அமெரிக்கர்கள் ஆறு பேர் வந்தார்கள். மொழிபெயர்க்க நான்தான் நாள் முழுக்கக் கூடவே நின்றேன். அவர்களையும் எவால்ட் ஒரு சுற்று கூட்டிப்போனார். விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர், பெரிய உடம்பு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"இது காரா, சர்ச் பெஞ்சா? உக்காந்ததும் பாவமன்னிப்புக் கேக்கணும் போல இருக்கே!"

நம் தலைமைப் பொறியாளர் முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார். "கெர்லிண்டே, மெத்தை வேணும்னா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கச் சொல்லு அவரை."

அதை நான் எப்படி மொழிபெயர்த்தேன் என்று கேட்காதே. சம்பளம் வாங்குகிறேன் அல்லவா.

சாப்பாட்டு வேளையில்தான் மனசு கெட்டது. எனக்குக் காது கேட்கும் என்பதை மறந்து இரண்டு பேர் தங்களுக்குள் பேசினார்கள். "ரெண்டு ஸ்பிரிங்ல ஒண்ணு கிறிஸ்துமஸுக்குள்ள செத்துப்போகும். எதுன்னு பாப்போம்" என்றான் ஒருவன். இரும்பைப் பற்றித்தான் பேசினான், தெரியும். ஆனாலும் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

நீ சாப்பிடுகிறாயா? போட்டோவில் கழுத்து நீண்டுபோய்த் தெரிகிறது.

கெர்லிண்டே


மிச்சிகன்,
24 ஜூன் 1979

அன்புள்ள அக்கா,

இங்கே பெட்ரோலுக்கு வரிசை. காலையில் போனால் பெட்ரோல் பங்க்கைச் சுற்றி இரண்டு தெருவுக்கு நிற்கிறார்கள். நேற்று இரண்டு பேர் குழாயைப் பிடித்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். பெரிய வண்டியை ஒருவரும் வாங்குவதில்லை. சின்ன வண்டி உடனே வேண்டும், அடுத்த வசந்தத்துக்குள் வேண்டும், இல்லையென்றால் கம்பெனியே இருக்காது என்று ஹாக்ஸ்டன் வெளிப்படையாகவே சொல்கிறார்.

ஆனால் எங்கள் சண்டை தீரவில்லை. நான்கு மாதம் அதே அறை, அதே மேஜை. நம் ஸ்பிரிங்கைப் போட்டால் ஒஹாயோ பெண்கள் வாங்கமாட்டார்கள் என்கிறார்கள் இவர்கள். இவர்களுடையதைப் போட்டால் வண்டி படகு மாதிரி ஆடும் என்கிறார்கள் நம்மவர்கள். இரண்டு விதமாகச் செய்யலாம் என்றால் பணமும் இல்லை, நேரமும் இல்லை. போன வாரம் ஹாக்ஸ்டன் ஃபைலை மூடிவிட்டு, "அப்போ வண்டியே வேண்டாம். நொய்வீட்டையும் மூடிடுவோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை அக்கா. களைத்துப்போய்ச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

எழுந்து நான்தான் பேசினேன். மேலே உள்ள சுகம் உங்களுடையது: மெத்தென்ற ஸ்பிரிங், உயரமான உட்காரும் இடம், விரலால் திருப்பக்கூடிய ஸ்டீயரிங். முன்னால் உள்ள வேகம் எங்களுடையது: நம் எஞ்சின், நம் பிரேக். பாதிக்குப் பாதி.  கை தட்டினார்கள். இரண்டு பக்கத்தாரும். ஹாக்ஸ்டன் என் தோளில் கை போட்டு, "இவன் இன்னிக்கு ரெண்டு ஆலையைக் காப்பாத்தியிருக்கான்" என்றார். அந்த மாலையே எனக்குப் பதவி உயர்வு. அடிப்பாகம் முழுவதும் இனி என் கையெழுத்தில்.

வெண்டெல் என்று ஒரு பழைய பொறியாளர் இருக்கிறார், டென்னசிக்காரர், மாதத்துக்குப் பத்து வார்த்தை பேசுவார். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எங்க வண்டி மெத்தையா இருக்கும், ஆனா மெதுவாத்தான் போகும். உங்க வண்டி வேகமாப் போகும், ஆனா கெட்டியா நிக்கும். நீ எங்க மெத்தையில உங்க குதிரையைக் கட்டிட்டியே" என்றார். வயசானவர், புதியது எதையும் பிடிக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நொய்வீட் பிழைத்தது. நாம் எல்லோரும் பிழைத்தோம். அப்பாவிடம் நாற்காலியில் ஏறிக்கொள்ளச் சொல்.

ஆர்னுல்ஃப்


நொய்வீட்,
16 செப்டம்பர் 1979

தம்பி,

நாற்காலி எல்லாம் ஆயிற்று. இது வேறு விஷயம்.

உன் பாதிக்குப் பாதி வண்டி வந்தது. எவால்ட் மூன்று நாளாக ஓட்டுகிறார். முதல் நாள் வந்ததும் நேரே தொட்டிக்குப் போனார். கை கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். சூப்பை வைத்தேன், ஆறிப்போயிற்று. "என்ன ஆச்சு? வாயைத் திறங்க" என்றேன்.

"நேரா போனா ராஜா மாதிரி போகுது. குத்தமே சொல்ல முடியாது."

"அப்புறம் என்ன?"

"நூத்தி முப்பதுல போறப்ப முன்னாடி எதாவது வந்தா என்ன பண்ணுவ? சட்டுனு விலகுவ, திரும்ப உன் பாதைக்கு வருவ. இதுல விலகினா வண்டி ஒரு நொடி யோசிக்குது கெர்லிண்டே. ஸ்டீயரிங் திரும்பிடுச்சு, வண்டி திரும்பல. அப்புறம் மொத்தமா ஒரே பக்கம் சாயுது. திருப்பிக் கொண்டுவந்தா அந்தச் சாய்ச்சல் ரெட்டிப்பா வருது."

இரண்டாம் நாள் ஒரு பக்கச் சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பியதாம். சோதனைத் தடத்தின் ஓரத்தில் நின்ற ஒட்மார் பார்த்திருக்கிறார். ஒட்மாரை உனக்குத் தெரியும், எவால்டோடு சேர்ந்து ஓட்டுகிறவர், திருவிழாவில் பெரிய மத்தளம் அடிப்பாரே, அவர்தான். அவருக்கே முகம் வெளுத்துவிட்டது என்கிறார் இவர்.

எவால்ட் அறிக்கை கொடுத்திருக்கிறார். அதை ஆங்கிலத்தில் மாற்றியது நான். ஒரு வார்த்தை கூட மென்மையாக்கவில்லை. இந்நேரம் உன் மேஜைக்கு வந்திருக்கும். படித்துவிட்டு எழுது. பொறியாளராக வேண்டாம், தம்பியாக எழுது.

கெர்லிண்டே


மிச்சிகன்,
7 அக்டோபர் 1979

அன்புள்ள அக்கா,

அறிக்கை கிடைத்தது. அத்தானின் திறமை மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: அவர் ஓட்டுகிற மாதிரி எந்தச் சாதாரண மனிதனும் ஓட்டமாட்டான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறவன் நூற்று முப்பதில் வண்டியை இப்படியும் அப்படியும் வெட்டுவானா? டயர் மாற்றினால் பாதி சரியாகிவிடும் என்று கணக்கு சொல்கிறது. பார்க்கிறோம்.

வசந்தத்தில் வண்டி வெளியே வந்தாக வேண்டும். இப்போது ஸ்பிரிங்கைத் தொட்டால் உயரம் மாறும், உயரம் மாறினால் கதவு மாறும், ஒஹாயோவில் அச்செல்லாம் வார்த்தாகிவிட்டது. இதை நீ புரிந்துகொள்வாய்.

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. அலுவலக விஷயத்தை வீட்டுக் கடிதத்தில் எழுதாமல் இருப்பது நல்லது. எங்களுக்கு இங்கே அதற்கெல்லாம் கட்டுப்பாடு இருக்கிறது.

அத்தானைக் கொஞ்சம் நிதானமாக ஓட்டச் சொல்.

ஆர்னுல்ஃப்


நொய்வீட்,
25 நவம்பர் 1979

ஆர்னுல்ஃப்,

"எங்களுக்கு இங்கே" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துக்காட்டியபோது எவால்ட் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தலைமையகத்திலிருந்து டெலக்ஸ் செய்தி வந்தது. மொழிபெயர்ப்புக்கு வழக்கம்போல என் மேஜைக்கு. இரண்டு நாட்டுக்கும் பொதுவான அளவுகோல் வேண்டும் என்பதற்காக இனி நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் செய்த சோதனைகள் எதுவும் கணக்கில் சேராது, செய்யவும் வேண்டாம். கீழே பெயர் உன்னுடையது. வேறு எவனோ என் தம்பி பெயரைப் போட்டுவிட்டான் என்று நம்பத் தோன்றியது எனக்கு. மூன்று முறை படித்தேன். நடை உன்னுடையதுதான். பள்ளிக்கூடத்திலிருந்தே நீ பொய் சொல்லும்போது வாக்கியம் நீளும்.

டேய், இங்கே வேகத்துக்கு எல்லை இல்லை. அப்பாவே நூற்று நாற்பதில் போகிறவர். இது உனக்குத் தெரியாதா?

அதை நான் நல்ல ஜெர்மனில் மாற்றிக் கொடுத்தேன். அழகான வார்த்தையாகத் தேடிக் கொடுத்தேன். அதற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. ஆனால் அதை நீ பங்கு போட்டுக்கொள்ள வேண்டாம், உனக்கு உன்னுடையது இருக்கிறது.

புது விதிப்படி சோதனை செய்து 'பாதுகாப்பானது' என்று எழுதித் தரச் சொன்னார்கள். எவால்ட் மாட்டேன் என்றார். "நூத்திப் பத்து வரைக்கும் பாதுகாப்புன்னு எழுதித் தரேன். அந்த நம்பரையும் சேத்துப் போடுங்க" என்றார். நம்பரைப் போட முடியாதாம். இப்போது அவரைச் சோதனைத் தடத்திலிருந்து எடுத்து, முடிந்த வண்டிகளை வரிசையாக நிறுத்தும் முற்றத்தில் போட்டிருக்கிறார்கள். தடம் இப்போது ஒட்மாரிடம்.

இன்னொன்று. முதல் வண்டிகளில் கொஞ்சத்தை ஓய்வு பெற்ற தொழிலாளர்களுக்குக் குலுக்கலில் தருகிறார்கள். அப்பா பெயர் விழுந்திருக்கிறது. நீல நிறம் கேட்டிருக்கிறார். கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்.

அவரிடம் நான் சொல்லமாட்டேன். நீ சொல்.

கெர்லிண்டே


நொய்வீட்,
20 ஜனவரி 1980

ஆர்னுல்ஃப்,

கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது. என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

ஒட்மார் திங்கட்கிழமை கவிழ்ந்தார். யாரும் சொல்லாமல் அவரே வேகம் கூட்டியிருக்கிறார். "எவால்டு சொன்னது நெசமான்னு ஒரு தடவை பாத்துடறேன்" என்று காலையில் உடை மாற்றும் அறையில் சொன்னாராம். மூன்று உருளல். உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, வருமா என்று டாக்டர் சொல்லவில்லை.

தடத்தில் பனிக்கட்டி இருந்ததாகக் கம்பெனி அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. எவால்ட் முற்றத்திலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தார். பனிக்கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. வறண்ட தார். அவர் கண் முன்னாலேயே இரண்டு பேர் வந்து உப்பும் மணலும் தூவினார்கள், ஏற்கெனவே பனி இருந்தது போல. "என்னப்பா பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். "சொன்னாங்க, பண்றோம்" என்றார்களாம். அவர்கள் இருவரும் நம் தெருக்காரர்கள்தான். இப்போது எவால்டைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறார்கள்.

ஒட்மாரைப் பார்க்கப் போனோம். உன்னை விசாரித்தார். அங்கே குளிர் அதிகமா என்று கேட்டார்.

அப்பாவின் வண்டி மார்ச்சில் வருகிறது.

கெ.


மிச்சிகன்,
17 பிப்ரவரி 1980

அக்கா,

எழுத உட்கார்ந்து பல முறை எழுந்துவிட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் இங்குள்ள தடத்துக்குப் போனேன். ஒரு வருஷமாக இந்த வண்டியைக் காகிதத்தில்தான் ஓட்டியிருக்கிறேன். வெண்டெல் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "பெல்ட்டை இறுக்கிக்க" என்றார், அவ்வளவுதான். நூற்று முப்பதில் விலகினேன். அத்தான் சொன்ன அந்த நொடி வந்தது. அவர் அதை 'யோசிக்குது' என்றாரே, எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ கதவைத் திறந்துவிட்டுப் போனது போல, எதையும் பிடித்துக்கொள்ள முடியாத ஒரு வெறுமை. பிறகு வானம் ஜன்னலில் வந்தது. எப்படியோ நின்றோம். வெண்டெல் இறங்கி வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

இதற்கு நான் ஓட்டிப்பார்த்திருக்கவே வேண்டாம். அத்தான் அறிக்கை வருவதற்கு முன்பே, ஆகஸ்டிலேயே, கணக்கு எனக்கு அதைச் சொல்லிவிட்டது. டயரால் சரியாகாது என்றும் சொன்னது. உனக்கு அக்டோபரில் எழுதியது பொய்.

ஹாக்ஸ்டனிடம் போனேன். முழுவதும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கடைசியில், "அமெரிக்காவுல இது கவிழுமா?" என்றார்.

"இங்க இருக்கிற வேகத்துல கவிழாது."

"அப்போ இது அங்க ஓட்டுறவங்க பிரச்சினை. மெதுவாப் போகச் சொல்லி ஒரு தாள் ஒட்டுங்க."

"சார், ஒரு ஆளு கால் போயிடுச்சு."

"தெரியும். வருத்தமா இருக்கு. நீ நொய்வீட்ல பொறந்தவன் ஆர்னி. வண்டி நின்னா அந்த ஊருல எத்தனை பேரு கால் போகும்னு நீயே சொல்லு."

அந்தக் கேள்வியோடு வெளியே வந்தேன். 

ஆனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். இரண்டாம் வருஷ வண்டிகளில் சத்தமில்லாமல் ஸ்பிரிங்கை மாற்றிவிடுவோம். ஹாக்ஸ்டன் தலையசைத்துவிட்டார். அப்பாவிடம் மட்டும் ஏதாவது சொல். நீல நிறம் தாமதம், அடுத்த வருஷம் இன்னும் நல்லதாக வரும், என்ன வேண்டுமானாலும். குலுக்கல் அலுவலகத்தில் நான் பேசிவிட்டேன், அவர் வண்டியை அடுத்த பெயருக்கு மாற்றிவிடுவார்கள்.

அப்பா அதில் ஏறக்கூடாது. எழுது.

ஆர்னுல்ஃப்


நொய்வீட்,
23 மார்ச் 1980

ஆர்னுல்ஃப்,

நீ சொன்ன பொய்யைச் சொன்னேன். நீலம் தாமதம், அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அப்பா காபிக் கோப்பையைக் கீழே வைக்கவே இல்லை. என்னையே பார்த்தார்.

"அப்போ என் வண்டியை யாருக்குக் குடுப்பாங்க?"

"பட்டியல்ல அடுத்த ஆளுக்கு."

"அது யாரு?"

தெரிந்ததால் சொல்ல வேண்டியதாயிற்று. திருமதி ஹெர்க்கன். ஆலை உணவகத்தில் உனக்கு இலவசமாக உருளைக்கிழங்குப் பணியாரம் தருவாரே, அவர்.

"அவ என்ன பாவம் பண்ணா?" என்றார் அப்பா.

அப்புறம் மறைக்க முடியவில்லை. ஒட்மார் கவிழ்ந்ததிலிருந்து மனிதருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன், உன் டெலக்ஸ் உட்பட. கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்து மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு ஆலை வாசலுக்குப் போய், தன் பெயரை மாற்றக்கூடாது என்று சண்டை போட்டு, நீல வண்டியைத் தானே எடுத்து வந்தார். தெருத்தெருவாக நடை வேகத்தில். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

கொட்டகைக்குள் விட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு சக்கரத்தையும் கழற்றினார். அடியில் செங்கல் அடுக்கினார். எவால்ட் உதவப் போனதற்கு, வேண்டாம் என்று கை காட்டினார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு.

"இந்த ஒரு வண்டியாவது ரோட்டுல ஓடாது" என்றார்.

இப்போது பகல் முழுக்க நம் வீட்டு முன்னால் லாரிகள் போகின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் எட்டு வண்டி. வெள்ளை, பச்சை, மஞ்சள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிறார். மதுக்கடைக்குப் போவதில்லை. நேற்று உன்னைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னார்: "அவனை வந்து என் கண்ணைப் பாத்துட்டு அந்தச் சக்கரத்தை மாட்டச் சொல்லு."

கெர்லிண்டே


மிச்சிகன்,
2 ஏப்ரல் 1980

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு வெண்டெலின் அறைக்குப் போனேன். அவர் எல்லா அளவுகளையும் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். "நான் ஓய்வு பெறப்போறவன், எனக்கென்ன. நீ உன் வாழ்க்கையை யோசிச்சுக்க" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன்.

வருகிற 14ஆம் தேதி, திங்கட்கிழமை, நான் வருகிறேன். கம்பெனி டிக்கெட்டில் இல்லை. நேராக வடக்கே ஃபிளென்ஸ்பர்க் போய், வாகனங்களுக்கு அனுமதி தரும் அலுவலகத்தில் எல்லாவற்றையும் கொடுக்கப்போகிறேன். அத்தான் கூட வந்தால் நல்லது. அவரைக் கேட்க எனக்கு முகமில்லை, நீ கேள். விற்பனை தொடங்குவது 21ஆம் தேதிதான். லாரிகள் இப்போது கடைக்குத்தான் போகின்றன, வாங்குபவர் கைக்குப் போகாது. ஒரு வாரம் இருக்கிறது. போதும்.

அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம். தெரிந்தால் என்னை இங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள், வெண்டெலின் தாள்களையும் வாங்கிவிடுவார்கள். இரண்டு நாளாக என் மேஜை இழுப்பறையை யாரோ திறந்து பார்ப்பதாகத் தோன்றுகிறது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நேற்று நன்றாகச் சாப்பிட்டேன்.

சக்கரத்தை மாட்டமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்.

உன் தம்பி,
ஆர்னுல்ஃப்


நொய்வீட் ஆலை, மொழிபெயர்ப்புப் பிரிவு,
9 ஏப்ரல் 1980

பெறுபவர்: ஆர்னுல்ஃப் பிரென்னர், அடிப்பாகப் பிரிவு, தலைமையகம், மிச்சிகன்.

தம்பி,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. தபாலில் பதில் போட்டால் வந்து சேர ஒரு வாரம். ஒரு செய்தி சொல்ல நேற்றிலிருந்தே உன் வீட்டுக்குப் போன் அடிக்கிறேன், மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அதனால் அலுவலக டெலக்ஸில் அடிக்கிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதற்கான நேரம் போய்விட்டது. இதை உங்கள் இயந்திர அறையில் கிழித்தெடுக்கிறவர் படிக்கட்டும், அவரிடமிருந்து ஹாக்ஸ்டன் வாங்கிப் படிக்கட்டும். நன்றாகப் படிக்கும்படி அடுத்து அதையே ஆங்கிலத்திலும் அடிக்கப்போகிறேன்.

ஈஸ்டருக்கு ஜனங்கள் ஊருக்குப் போவார்கள், கடைகளில் கூட்டம் இருக்கும் என்று விற்பனையை முன்னால் தள்ளிவிட்டார்கள். ஏப்ரல் ஒன்றாம் தேதியே கைக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். உன்னிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

புனித வெள்ளியன்று மதியம், மொன்டபாவருக்குப் பக்கத்தில், ஆட்டோபானில். முன்னால் போன லாரியிலிருந்து ஒரு பலகை விழுந்திருக்கிறது. விலகியிருக்கிறார்கள். மழை இல்லை, நல்ல வெயில். கவிழ்ந்த வண்டி நம் ஆலையில் செய்தது, மஞ்சள் நிறம். லிம்பர்கில் வாத்தியார் வேலை பார்த்த ஆள், யோவாகிம் தீலன், நாற்பத்தொரு வயசு, அங்கேயே போய்விட்டார். மனைவிக்கு இரண்டு கையும் முறிந்திருக்கிறது. பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை, பாட்டி வீட்டுக்கு முதல் நாளே அனுப்பிவிட்டார்கள். அதைச் சொன்ன போலீஸ்காரர் அதிர்ஷ்டம் என்றார்.

எவால்ட் உன்னோடு ஃபிளென்ஸ்பர்க் வருவார். கேட்பதற்கு முன்பே பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். அப்பாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக்காட்டினேன். கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பதினான்காம் தேதி வரை காத்திருக்காதே. எந்த விமானம் கிடைக்கிறதோ அதில் ஏறு. வெண்டெலின் தாள்களை உடம்போடு வைத்துக்கொள். அவை இல்லாவிட்டாலும் வா, அளவுகள் உன் தலைக்குள் இருக்கின்றன. யாராவது வழிமறித்தால் சத்தம் போடு, நாலு பேர் பார்க்கட்டும்.

தீலனுக்கு இறுதிச் சடங்கு சனிக்கிழமை காலை, லிம்பர்கில். நாங்கள் மூவரும் போகிறோம். அந்தக் கூட்டத்தில் உன் முகம் ஒருவருக்கும் தெரியாது. நீ எதுவும் பேச வேண்டாம். வந்து எங்களோடு நில். அங்கிருந்து கிளம்புவோம்.

என் மேலாளர் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கதவைத் தட்டுகிறார். இன்னும் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

கெர்லிண்டே